மாஷ் போன விதம்

வினோஜ் மாஷ் மிக்கேல்துறைக்கு வந்தது ஆனி மாதத்தில். கடல் அடித்துக் கிடந்தது. வள்ளங்களை எல்லாம் தென்னை மூடு வரை ஏற்றிப் போட்டிருந்தார்கள். வேலையில்லாத ஆண்கள் ததேயுசின் சாயாக்கடையில் காலையில் உட்கார்ந்தால் மதியம் வரை எழுந்திருக்க மாட்டார்கள். பேசிப் பேசி, ஊரில் பேச விஷயமும் தீர்ந்து போயிருந்தது. அந்த நேரம் பார்த்து, விடாத மழையில், ஒரு கையில் ஸ்கூட்டர் கைப்பிடியும் மறு கையில் விரித்த குடையுமாக ஒரு மனிதர் வந்து இறங்கினார். வண்டியின் பின்னால் ஒரு சாக்குமூட்டை. நனைந்துவிட்டதா என்று கடைக்குள் கொண்டுவந்து பிரித்துப் பார்த்தார். உள்ளே நூறு டென்னிஸ் பந்தாவது இருக்கும்.

“கால்பந்து படிப்பிக்க வந்த ஆளாக்கும்,” என்றான் ததேயுஸ், அவர் போன பிறகு. “சாக்கு நெறய சின்னப் பந்து.”

அவரைப் பற்றி ஊர் பேசிய முதல் பேச்சு அது. அதற்குப் பிறகு ஏழு மாதம் ஊர் வேறெதையும் பேசவில்லை என்றே சொல்லலாம்.

மிக்கேல்துறையில் பூசைக்கு வராதவன் உண்டு, ஆட்டத்துக்கு வராதவன் கிடையாது. கோயிலுக்கு மேற்கே, கடலுக்கும் ரோட்டுக்கும் நடுவில், மணலும் செம்மண்ணும் கலந்து கிடக்கும் மைதானத்தில் மூன்று தலைமுறையாகப் பந்து உருள்கிறது. ஆனால் புனித மிக்கேல் அணி கோப்பை தூக்கி ஒன்பது வருடமாகியிருந்தது. உள்ளூர் ஆளைப் பயிற்சிக்குப் போட்டால் அவன் தெருப் பையன்களுக்கே இடம் கொடுக்கிறான் என்று சண்டை வந்தது. அதனால் விளையாட்டு மன்றச் செயலாளர் ஜாஸ்பர் வெளியாளைத் தேடிப் போனார். ஜாஸ்பர் ஐஸ் கம்பெனி வைத்திருப்பவர், ஊரில் அவர் சொல்லுக்கு எடை உண்டு. குலசேகரத்துக்கு அப்பால் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே பிறந்த வினோஜ், மஸ்கட்டில் ஸ்டோர் வேலை பார்த்துக்கொண்டே தொழிலாளர் முகாம் அணிகளைப் பழக்கியவர், பரீட்சை எழுதிச் சான்றிதழும் வாங்கியவர் என்று கேள்விப்பட்டு அழைத்து வந்திருந்தார். நாற்பது வயது. கல்யாணம் ஆகவில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியறியாத ஆளை ஊர் எதற்காக, மலையாளத்தில் வாத்தியாரைச் சொல்வது போல, மாஷ் என்று கூப்பிட ஆரம்பித்ததோ, அது அப்படியே நிலைத்துவிட்டது.

யேசுரத்தினம் அவரை முதல் நாளே பிடித்துக்கொண்டான். யேசுரத்தினத்துக்கு ஐம்பது வயது. இளமையில் அதே மைதானத்தில் பின்வரிசை ஆடியவன். தன்னைத் தாண்டிப் போனவர்களின் எண்ணிக்கையை இன்றும் விரல்விட்டுச் சொல்வான். இப்போது இரண்டு பங்காளிகளோடு ஒரு ஃபைபர் வள்ளத்தில் போகிறான். சாளை, நெத்தோலி, காலம் வாய்த்தால் வாளை. ஆட்டத்தன்று கோட்டுக்கு வெளியே நின்று அவன் போடும் சத்தம் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்குக் கேட்கும். அவன் மனைவி புஷ்பம் கருங்கல் சந்தையில் மீன் விற்கிறாள். ஒரே மகன் சிஜோ, இருபத்தொரு வயது, கல்லூரிக் கடைசி வருடம், அணியின் முன்னணி ஆட்டக்காரன். புயல் வருடத்தில், நாட்கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன் பிடிக்கும் தங்கலுக்குப் போன யேசுரத்தினத்தின் தம்பி திரும்பி வரவில்லை. உடலும் வரவில்லை. அன்றே யேசுரத்தினம் முடிவு செய்துவிட்டான், சிஜோ கடலில் கால் வைக்கக் கூடாது. மாசி மாதம் போலீஸ் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள், அதில் சிஜோ தேறிவிட்டால் போதும். அவன் வேண்டுதல் எல்லாம் அந்த ஒன்றுதான்.

மாஷின் பழக்கங்கள் ஊருக்கு விளங்கவில்லை. முதல் இரண்டு வாரம் பெரிய பந்தையே தொட விடவில்லை. மழையில் சகதியான மைதானத்தில் டென்னிஸ் பந்தைக் காலால் கடத்தச் சொன்னார், அதுவும் ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசாமல். விடியற்காலையில் குனிந்து நடந்து மைதானத்து நெருஞ்சியைப் பிடுங்கினார். ஆட்டம் நடக்கும்போது பாதி நேரம் மைதானத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்து கூட்டத்தின் முகங்களைப் பார்த்தார். ஏன் என்று கேட்டதற்கு, பந்து எங்கே போகும் என்று ஆட்டக்காரனைவிட ஊருக்கு முந்தித் தெரிந்துவிடுகிறது என்றாராம். எல்லாவற்றிலும் பெரிய குறை, அவர் மீன் தின்பதில்லை. மரச்சீனிக் கிழங்கும் தேங்காய்ச் சம்மந்தியும் கட்டன் சாயாவும் போதும் அவருக்கு. யேசுரத்தினத்தின் வள்ளத்தில் பங்காளியான சிலுவை, அறுபதைத் தாண்டியவன், இதைக் கேட்டு உண்மையாகவே கலங்கிப் போனான்.

“மீன் தின்னாதவனுக்கு இந்தத் துறைமேல பாசம் எப்பிடி மக்கா வரும்?” என்றான்.

வந்த மாதமே பங்குக் கூடத்தில் கரும்பலகையில் மாஷ் ஒரு கோடு கிழித்தார். முதல் வருடம் மாவட்ட லீக் இறுதி. இரண்டாம் வருடம் கோப்பை. மூன்றாம் வருடம் மாநில லீக். மிக்கேல்துறைப் பையன்கள் சென்னையில் ஆடுவார்கள் என்று, சந்தையில் விலை சொல்வது போல சாதாரணமாகச் சொன்னார். கூடம் சிரித்தது. சிரிக்காமல் இருந்தவன் யேசுரத்தினம்தான். அன்று முதல் சாயாக்கடையில் மாஷுக்காக வாதாடும் வக்கீலாக அவன் ஆனான்.

ஐப்பசியில் லீக் தொடங்கியது. மிக்கேல் அணி முதல் ஆட்டத்தில் ஜெயித்தது. இரண்டாவதில் ஜெயித்தது. நான்காவதில் சிஜோ மூன்று கோல் போட்டான். மாஷைக் கிறுக்கன் என்றவர்கள் எல்லாம் மூளைக்காரன் என்றார்கள். அத்தோடு ஒரு பயமும் சேர்ந்து வந்தது. இவ்வளவு சூட்டிகையான ஆள் இந்தக் கடற்கரையில் எத்தனை நாள் இருப்பான்? சிலுவைதான் அதையும் சொன்னான்: “தோத்தா நாம வெரட்டுவோம். ஜெயிச்சா அவனே போவான். பாத்துக்கிட்டே இரு.”

கார்த்திகைப் பிறப்பில் மாஷ் சிஜோவை வெளியே உட்கார வைத்தார்.

அவன் இடத்தில் ஸ்டெனியை இறக்கினார். ஸ்டெனி இரண்டு துறை தள்ளி உள்ள ஊர்க்காரன், பத்தொன்பது வயது, அந்த வருடம்தான் அணியில் சேர்ந்தவன். அன்று அவன் ஒரு கோல் போட்டான், அணி ஜெயித்தது. அதனால் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. அடுத்த ஆட்டத்திலும் சிஜோ வெளியே. அதற்கடுத்ததிலும்.

ஒருநாள் காலை எட்டு மணிக்கு வள்ளம் கரையணையும்போது யேசுரத்தினம் ஒரு காட்சி கண்டான். சிஜோ இடுப்பளவு தண்ணீரில் முன்னும் பின்னுமாக நடந்துகொண்டிருந்தான். கரையில் குடையோடு மாஷ். வள்ளத்தை இழுக்க வந்தவர்கள், யேசுரத்தினத்துக்க மவன் நண்டு பிடிக்கான் என்று சிரித்தார்கள். யேசுரத்தினம் வலையைக்கூடத் தட்டாமல் மாஷிடம் போய்க் கேட்டான். கொஞ்ச நாள் வெளியே இருக்கட்டும், நல்லதுக்குத்தான் என்றார் அவர். அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. மகனிடம் கேட்டான். மாஷ் சொன்னால் சரியாத்தான் இருக்கும் என்றான் சிஜோ, முகத்தைப் பார்க்காமல்.

மாசிக்கு மூன்று மாதமே இருந்தது. லீக் ஆட்டங்களைப் பார்க்க போலீஸ் அணி ஆட்கள் வருவார்கள் என்று பேச்சு. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனை யார் பார்ப்பார்கள்? யேசுரத்தினத்துக்குத் தூக்கம் போயிற்று. வள்ளத்தில் என்ஜினை நிறுத்திவிட்டு வலை கிடக்கிற நேரத்தில் பங்காளிகள் கண்ணயர்வார்கள். அவன் மட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, அந்த மாஷை எதில் நோகடித்தோம் என்று யோசிப்பான்.

அந்தச் சமயத்தில்தான் கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளை விஷயம் வந்தது. ஜாஸ்பரின் மைத்துனன் அங்கே ஒரு ஓட்டலில் மாஷைப் பார்த்திருக்கிறான். எதிரே இரண்டு பேர், வெளியே கேரள நம்பர் கார். பெரிய கிளப்புக்காரர்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டானாம். ஒரு வாரத்தில் அந்தச் சேதி ததேயுசின் கடையில் கை கால் முளைத்து நடந்தது. மாஷ் அங்கே போகப் போகிறார், ஸ்டெனியைக் கூடவே கொண்டு போகிறார், பையனைக் காட்டி விலை பேசத்தான் அவனை முன்னால் இறக்குகிறார், சிஜோ நின்றால் ஸ்டெனி தெரியமாட்டான் அல்லவா? யேசுரத்தினத்துக்கு இதுவரை விளங்காததெல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. விளங்கியதும் ஒரு நிம்மதி வந்தது. அதுதான் பிசகு.

வீட்டில் வந்து சொன்னான். புஷ்பம் புளிமுளக் குழம்புக்குச் சாளையின் செதிளை உரசிக்கொண்டிருந்தாள். கை நிற்காமல் கேட்டாள்.

“அந்த மனுசரப் பத்தி நீங்க வெளிய ஒண்ணும் பறயாண்டாம்,” என்றாள்.

“ஏன், ஒனக்கு என்ன தெரியும்?”

“எனக்கு ஒண்ணும் தெரியாது. பறயாண்டாம்னு சொன்னேன்.”

பெண்ணுக்கு ஆட்டம் என்ன தெரியும் என்று அவன் விட்டுவிட்டான்.

மார்கழிக் கடைசியில் அணி இறுதிக்கு வந்துவிட்டது. ஒன்பது வருடத்துக்குப் பிறகு. மாஷ் கிழித்த கோட்டில் முதல் புள்ளி. ஆனால் ஊருக்கு மகிழத் தெரியவில்லை. அது மாஷை ஒரு கடன்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தது. இறுதிக்கு இரண்டு வாரம் இருக்க, ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் பங்குக் கூடத்தில் மன்றக் கூட்டம் போட்டார் ஜாஸ்பர். கூடம் நிறைந்து வெளியே படியிலும் ஆட்கள். ஆட்டக்காரர்கள் பின்சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. மாஷ் முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், மடித்த குடையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

ஜாஸ்பர் சுற்றி வளைக்கவில்லை. களியக்காவிளையில் அவர்களைப் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தேன் என்றார் மாஷ். கூப்பிட்டார்களா? கூப்பிட்டார்கள். கூடத்தில் ஒரு இரைச்சல் எழுந்து அடங்கியது. நீங்கள் என்ன சொன்னீர்கள்?

மாஷ் குடையின் கைப்பிடியைத் தடவினார். “நான் என்ன சொன்னேன்னு இப்ப சொன்னா, நீங்க நம்புவியளா?”

அந்தக் கேள்விக்கு யாராவது ஆம் என்று சொல்லியிருக்கலாம். யேசுரத்தினம் எழுந்துவிட்டான்.

“அத விடுங்க மாஷே. எனக்கு ஒண்ணு மட்டும் பறயும். இந்த ஊருல ஒமக்காகப் பேசுன மொத ஆளு நானாக்கும். எனக்க பய நாலு ஆட்டத்துல ஏழு கோலு போட்டான். அவனுக்க காலுக்கு என்ன கேடு? நல்ல காலுதானே? அவன எதுக்கு உக்கார வச்சீரு?”

மாஷ் யேசுரத்தினத்தைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி, பின்சுவரோரம் இருந்த சிஜோவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். சிஜோ தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

“அத நான் பறயப் பிடாது,” என்றார் மாஷ்.

“பறயப் பிடாது. கேட்டியளா?” யேசுரத்தினம் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். “எனக்க தம்பிய கடலு கொண்டு போச்சு. எனக்க மவனுக்க சோறை இந்த ஆளு கொண்டு போறாரு.”

அதற்குப் பிறகு மற்றவர்கள் பேசினார்கள். மீன் தின்னாதது முதல் முதுகு காட்டி உட்கார்ந்தது வரை ஒவ்வொன்றாக வந்தது. ஜாஸ்பர் கை தூக்கச் சொன்னார். தூக்காத கைகள் மிகக் குறைவு. மாஷ் எழுந்தார், ஒன்றே ஒன்று சொன்னார்: இறுதியாட்டத்தில் ஸ்டெனியையே முன்னால் விடுங்கள். கூடம் கைகொட்டிச் சிரித்தது. சந்தேகம் இருந்த ஒன்றிரண்டு பேருக்கும் அதில் சந்தேகம் தீர்ந்தது. அவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனபோது வெயில் அடித்துக்கொண்டிருந்தது. குடையை விரித்துப் பிடித்துக்கொண்டுதான் போனார்.

புஷ்பம் அன்று கோட்டாறு சவேரியார் கோயிலுக்கு மெழுகுதிரி கொளுத்தப் போயிருந்தாள். மதியம் பஸ்ஸிறங்கி வரும்போதே வழியில் சேதி கேட்டுவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து நின்றாள்.

“நீங்களா எந்திச்சுப் பேசுனது?”

“நாந்தான். ஊரே கை தூக்கிச்சு.”

அவள் மகனைத் தேடினாள். சிஜோ உள்ளறை வாசலில் நின்றிருந்தான். கணவனுக்கு முதுகு காட்டி அவள் அவனையே பார்த்தாள். அவன் லேசாகத் தலையசைத்தான், வேண்டாம் என்று. யேசுரத்தினம் அதைக் கண்டான். என்னவோ அம்மாவும் பிள்ளையும் என்று நினைத்தான்.

“ஃபைனலுக்கு இவன் வெளையாடாண்டாம்,” என்றாள் புஷ்பம்.

“நீயும் அந்த ஆளுக்க கட்சியா? ஏட்டி, போலீசு டீமு ஆளுவ வாறாவ. ஊரே இவனுக்காகக் காத்துக்கிட்டுக் கெடக்கு.”

“அப்பா, நான் வெளையாடுகேன்,” என்றான் சிஜோ. “இப்ப ஒண்ணும் இல்ல அம்மா. நல்லாத்தான் இருக்கு.”

எது நல்லா இருக்கிறது என்று யேசுரத்தினம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எல்லாம் நல்லாத்தான் இருந்தது அவனுக்கு.

இறுதியாட்டம் தை இரண்டாம் ஞாயிறு, மாலை நான்கு மணி. சூசைநகர்க்காரர்கள் எதிரணி. மைதானத்தைச் சுற்றி ஆறு வரிசை ஆள், தென்னையில் ஏறியவர்கள் வேறு. ஜாஸ்பரே பயிற்சியாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இருபதாவது நிமிடம் சிஜோ இரண்டு பேரைத் தாண்டி இடது காலால் கோல் போட்டான். யேசுரத்தினம் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடி அவனைக் கட்டிப் பிடித்தான். மகனின் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. ஆவேசம் என்று எடுத்துக்கொண்டான். புஷ்பம் ஆட்டத்துக்கு வரவில்லை.

இரண்டாம் பாதியில் பதினெட்டாவது நிமிடம் இருக்கும். பந்து வலப்பக்கம் வந்தது. சிஜோவின் அருகே யாருமே இல்லை. தனியாக நின்று பந்தை வாங்கி, வலது காலை ஊன்றித் திரும்பினான். திரும்பியது உடம்பு மட்டும்தான். அப்படியே விழுந்தான். ஒரு சத்தம் கேட்டதாகப் பக்கத்தில் நின்றவர்கள் பிறகு சொன்னார்கள், காய்ந்த மட்டை ஒடிவது போல. யேசுரத்தினம் முதலில், எந்திலே மக்கா, எந்தி என்று கத்தினான். நாலைந்து தடவை கத்திய பிறகுதான் குரல் நின்றது.

அணி இரண்டுக்கு ஒன்று என்று தோற்றது. அது அவனுக்கு மறுநாள்தான் தெரிந்தது.

மார்த்தாண்டம் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இது இன்று வந்ததல்ல என்றார். ஏற்கெனவே பாதி கிழிந்திருந்த முழங்கால் சவ்வு, இன்று முழுசும் போய்விட்டது, கூடவே முட்டுக்குள் வேறு சேதமும் உண்டு. ஆபரேஷன் செய்யலாம், நடப்பான். ஓட்டம், ஆட்டமெல்லாம் இனி நினைக்க வேண்டாம்.

வெளியே நீள பெஞ்சில் புஷ்பம் உட்கார்ந்திருந்தாள். யேசுரத்தினம் பக்கத்தில் உட்கார்ந்ததும், கேட்காமலேயே சொல்ல ஆரம்பித்தாள். நாலாவது ஆட்டத்துக்குப் பிறகு மாஷ்தான் கண்டுபிடித்தார், இவன் குதித்து இறங்கும்போது வலது காலை ஊன்றவில்லை என்று. அவரே நாகர்கோவிலுக்குக் கொண்டு போய்க் காட்டினார். மூன்று மாதம் ஆடாமல் பார்த்துக்கொண்டால், தண்ணீரில் நடந்து நடந்து தசையைத் தேற்றினால், மாசிக்கு முன்னால் சரியாகிவிடும் என்று சொல்லியிருந்தார்கள். சிஜோ கெஞ்சியிருக்கிறான், யாருக்கும் தெரியக் கூடாது, தெரிந்தால் போலீஸ் அணிக்காரர்கள் வரை போய்விடும் என்று. மாஷ் ஒரு நாள் கருங்கல் சந்தைக்கே வந்து அவளிடம் சொல்லிவிட்டுப் போனார். அவள்தான் தினமும் மீன்பெட்டியில் மிஞ்சிய ஐஸைத் துணியில் கட்டிக்கொண்டு வந்து அவன் முட்டில் வைத்தாள்.

“எனக்கிட்ட ஏன் பறயல்ல?” என்றான் அவன்.

“நீங்க ஒரு காரியத்தை மனசில வச்சுக்கிட்டு இருந்தது எப்ப? காலைல ஒங்ககிட்ட சொன்னா மத்தியானம் ததேயுசுக்க கடையில எல்லாருக்கும் தெரியும். அவன்தான் சத்தியம் வாங்குனான். நானும் பேசாம இருந்துட்டேன்.” பிறகு, “நான் அண்ணைக்குப் பறஞ்சிருக்கணும்,” என்றாள். “ஏழு வாரம் ஆயிட்டு, சரியாயிருக்கும்னு நானும் நெனச்சேன்.”

அவர்கள் அப்படியே இருக்கும்போது ஸ்டெனி வந்தான். பஸ்ஸில் வந்திருக்கிறான், இன்னும் அந்த ஆட்டச் சட்டையோடு. யாரைப் பார்த்துப் பேசுவது என்று தெரியாமல் நின்றான். பிறகு மெதுவாகச் சொன்னான். களியக்காவிளைக்கு அன்று மாஷோடு ஸ்கூட்டரில் போனவன் அவன்தான், பூட்ஸ் வாங்க. ஓட்டலில் பக்கத்து மேசையில் அவன் இருந்தான். கிளப்புக்காரர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் மாஷ் ஒரே பதில்தான் சொன்னாராம்: எனக்கு மிக்கேல்துறையில் மூன்று வருட வேலை இருக்கிறது, முடித்துவிட்டு வேண்டுமானால் பேசலாம். கூட்டத்தில் சொல்லியிருக்கலாமே என்று யேசுரத்தினம் கேட்டான். எங்ககிட்ட யாரும் கேக்கலியே அண்ணா என்றான் ஸ்டெனி.

மாசி முதல் வாரம் யேசுரத்தினம் மாஷைத் தேடிக் குலசேகரத்துக்குப் பஸ் ஏறினான். ரப்பர் மரங்களுக்கு நடுவே அவர் வீட்டைக் கண்டுபிடிக்கவே மதியமாகிவிட்டது. பூட்டியிருந்தது. அடுத்த வீட்டு அம்மாள், வினோஜ் கேரளத்துக்கு வேலையாகப் போய்விட்டான் என்றாள். ஏதோ பந்து கிளப். முதலில் அவர்கள் கூப்பிட்டபோது வேண்டாம் என்றானாம். பொங்கல் கழிந்து அவனே போன் போட்டுக் கேட்டானாம். யேசுரத்தினம் அந்த முற்றத்தில் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பினான்.

ஊரில் அவன் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மாஷ் கேரள கிளப்பில் சேர்ந்த சேதி வந்ததும் கடையில் எல்லாரும் அவனைத்தான் மெச்சினார்கள். நீ முந்தியே கண்டுபிடிச்சிட்டியே என்றார்கள். அவன் சாயாவைக் குடித்துவிட்டு எழுந்து போவான். மகனின் காலை உடைத்தது சூசைநகர்க்காரன் ஒருவன் என்றுகூட ஒரு பேச்சு உலவியது. அதையும் அவன் மறுக்கவில்லை. சொன்னால் முழுதும் சொல்ல வேண்டும். முழுதும் சொல்ல அவனுக்கு நா எழவில்லை.

சிஜோ பரீட்சை எழுதினான். ஆபரேஷன் ஆன கால் நடந்தது, ஆனால் மழை வந்தால் வலித்தது, மாடி ஏறினால் மடங்கியது. நாகர்கோவிலில் ஒரு துணிக்கடையில் சேர்ந்தான். நாள் முழுதும் நிற்க முடியாமல் மூன்றாம் வாரம் வந்துவிட்டான். ஆவணி மாதம் தேங்காப்பட்டணத்தில் இருந்து தங்கலுக்குப் புறப்படும் ஒரு போட்டில் சமையலுக்கு ஆள் கேட்டார்கள். உட்கார்ந்து செய்கிற வேலை. சிஜோ தந்தையிடம் கேட்கவில்லை, சொன்னான். யேசுரத்தினம் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தான். வேண்டாம் என்றால் வேறென்ன என்று கேட்பானே. துறைமுகம் வரை கூடப் போனான். அரிசி மூட்டையையும் காஸ் சிலிண்டரையும் தானே தூக்கி போட்டுக்குள் வைத்தான். மகன் கைப்பிடியைப் பிடித்து ஒரு காலால் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

புரட்டாசியில் மிக்கேல் சம்மனசு திருவிழா. திருவிழாப் பந்தயத்துக்கு ஜாஸ்பர் பெரிய மனது பண்ணி வெளி மாநில அணிகளையும் அழைத்திருந்தார். இரண்டாம் நாள் மாலை மிக்கேல் அணியோடு ஆட வந்தது அந்த கேரள கிளப். நீல பஸ்ஸில் இருந்து ஆட்டக்காரர்கள் இறங்கினார்கள். கடைசியாகக் குடையோடு மாஷ் இறங்கினார்.

கூட்டம் கூவியது. துரோகி என்று ஒரு குரல் எழுந்தது, பிறகு எல்லாக் குரலும் அதையே பிடித்துக்கொண்டன. மணலை அள்ளி எறிந்தவர்களும் உண்டு. மாஷ் குனிந்து நடந்து எதிர்ப்பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார். இந்த முறை மைதானத்தைப் பார்த்தே உட்கார்ந்தார்.

ஜாஸ்பர் யேசுரத்தினத்தின் தோளில் கை போட்டார். “பாத்தியா? நீ அண்ணைக்குச் சொன்னது அச்சொட்டா நடந்துபோச்சு. ஒரு சத்தம் குடு, அவருக்கு ஒனக்க கொரலு ஓர்ம இருக்கும்.”

யேசுரத்தினம் அந்தக் கையை எடுத்துக் கீழே விட்டான்.

“அவரு போவல்ல ஜாஸ்பரண்ணே,” என்றான். “நாமதான் போகச் சொன்னோம்.” பக்கத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள். அவன் சொல்லத் தொடங்கினான். எல்லாவற்றையும். கூட்டத்துக்கு முன்னால் பேசிப் பழகிய குரல்தான், ஆனால் அன்று அது பக்கத்து நாலு பேருக்கு மேல் எட்டவில்லை. சிஜோவின் முட்டு, நாகர்கோவில் டாக்டர், களியக்காவிளையில் மாஷ் சொன்ன பதில், தான் எழுந்து கேட்ட கேள்வி, பதில் சொல்லாமல் அவர் தன் மகனைக் காத்தது. சிலுவை தலையைக் குனிந்துகொண்டான்.

ஜாஸ்பர் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: “அப்பிடீன்னா, அவரு இப்ப அந்த பெஞ்சுல எதுக்கு இருக்காரு?”

பின்னால் நின்றவர்களுக்கு ஜாஸ்பரின் கேள்வி மட்டும்தான் கேட்டது. கூவல் மறுபடி எழுந்தது.

யேசுரத்தினம் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தான். கோல் கம்பத்துக்குப் பின்னால், தென்னைகளை ஒட்டி, எதிர்ப்பக்கம் போனான். ஊர் அதைப் பார்த்தது. பெஞ்சருகே போய் நின்றான். வரும் வழியில் எத்தனையோ வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தான். மாஷ் நிமிர்ந்து பார்த்தார். மெலிந்திருந்தார். நகர்ந்து இடம் கொடுத்தார்.

“சிஜோவுக்க முட்டு எப்பிடி இருக்கு?” என்றார்.

“நடப்பான் மாஷே.”

“வந்திருக்கானா? காணல்லியே.”

“தங்கலுக்குப் போயிருக்கான். சமையலுக்கு.”

மைதானத்தில் மாஷின் ஆட்டக்காரன் ஒருவன் பந்தோடு தனியாக ஓடிக்கொண்டிருந்தான். கூட்டம் முழுக்க அங்கே பார்த்தது. அவர் யேசுரத்தினத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோல் விழுந்தது. அவர் திரும்பவில்லை.

“காலைலயும் சாயங்காலமும் முட்டுக்கால நீட்டி மடக்கச் சொல்லுங்க,” என்றார் கடைசியில். “இருவது தடவ. போட்டுல இருந்துக்கிட்டே செய்யலாம்.”

சரி என்றான் யேசுரத்தினம். ஆட்டம் முடியும் வரை அங்கேயே இருந்தான். மூன்றுக்குப் பூஜ்யம். மணல் விழுந்த பஸ் கிளம்பிப் போன பிறகு, திருவிழா விளக்குகள் எரியத் தொடங்கிய தெருவழியே வீட்டுக்கு வந்தான். ததேயுஸ் கடையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் அவன் கடக்கும் வரை நிறுத்திக்கொண்டார்கள்.

புஷ்பம் அடுப்படியில் இருந்தாள்.

“மாஷக் கண்டியளா?”

“கண்டேன்.”

“மன்னிப்புக் கேட்டியளா?”

அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். “கேக்கணும்னுதான் போனேன். அதுக்குள்ள அவரு நம்ம பயலுக்க காலைப் பத்திக் கேட்டுட்டாரு.”

புஷ்பம் அடுப்பை அணைத்தாள். சிஜோ போன போட்டு கரைக்கு வர இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. வெளியே கடல் இரைந்துகொண்டிருந்தது. அவன் தரையில் உட்கார்ந்து, தன் வலது காலை நீட்டி, மடக்கி, நீட்டி, மகனுக்கு எப்படிச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.